ருசி பார்க்காத பானை

இந்த நோர்வேயில் சமைக்கிறவர்தான் முதலில் வாயில் வைக்க வேண்டும். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக் குசினியில், சூப் இறக்குமுன் பெரிய சமையற்காரி அஸ்த்ரி கரண்டியை நீட்டி “ஸ்மாக் போ” என்பாள். ருசி பார் என்று அர்த்தம். வந்த புதிதில் நான் தலையை ஆட்டி மறுத்தேன். “எங்கள் சாப்பாடு உனக்கு அருவருப்பா?” என்று முகம் வாடிக் கேட்டாள். சாமிக்குப் படைக்கும் வரைக்கும் நாங்கள் ருசி பார்ப்பதில்லை, அது கைப்பழக்கமாகிவிட்டது என்று தெரிந்த மொழியில் சொன்னேன். “இங்கே சாப்பிடுவது வாய் பேச முடியாத கிழவர்கள். உப்புக் கூடினால் யாரிடம் சொல்வார்கள்?” என்றாள். அதுவும் ஒரு பக்திதான் என்று மனதில் பட்டது. அன்று தொடக்கம் ருசி பார்க்கிறேன்.

என் மனுசன் இவருக்கு நெஞ்சில் ஒப்பரேசன் நடந்தபோது, “எழும்பி நடந்தால் உன் வாசலில் பொங்குவேன், பிள்ளையாரே” என்று நேர்ந்திருந்தேன். போன மாசியில் எங்கள் ஊர் நீர்வேலிக்குப் போனோம். விடியற்புறம் கோயில் வீதியில் கல் வைத்து, நானும் தங்கச்சியும் அடுப்பு மூட்டினோம். வாழைத் தோட்டங்களின் மேல் பனி. அடுப்புப் புகையும் பனியும் ஒன்றாகி, எந்த நாட்டில் நிற்கிறேன் என்றே தெரியவில்லை. சர்க்கரை கரைந்து மணம் எழும்பியது. அகப்பை தானாக என் வாய்க்குப் போனது.

“ஐயோ அக்கா! என்ன வேலை செய்தனீங்கள்?”

தங்கச்சியின் குரலில்தான் விழித்தேன். நாக்கில் இனிப்பு. இவருடைய உயிருக்காக நேர்ந்த பானை எச்சிலாகிவிட்டது.

எதிரே கோயில் மடத்துத் தூணில் சாய்ந்திருந்த இவர், “நோர்வேக்காரி பிள்ளையாருக்கும் உப்புப் பாக்கிறா” என்றார். எனக்கு அழுகைதான் வந்தது.

“அழாதேங்கோ. வேறை பானை கிடக்கு, பூசைக்கும் நேரம் கிடக்கு. இந்தமுறை சன்னதிக் கோயில் பூசாரி மாதிரி வாயைக் கட்டிப்போட்டுப் பொங்குங்கோ” என்றாள் தங்கச்சி.

சீலைத் தலைப்பால் வாயைக் கட்டிக்கொண்டு மறுபடி பொங்கினேன். ருசியைப் பிள்ளையாரிடமே விட்டேன்.

பூசை முடிந்ததும் இலைத்துண்டில் வைத்துக் கொடுத்தேன். இவர் ஒரு வாய் உண்டு, “இஞ்சரும், இனிப்புக் காணாது” என்று என்னைக் கூப்பிட்டுக் குறை சொன்னார். அடுப்படிக்குத் திரும்பிவிட்டேன். சற்றைக்கெல்லாம், யாரும் கை பிடிக்காமல் தானே எழும்பி, வீதியைக் கடந்து நடந்து வந்து, வெறும் இலையை என் முன் நீட்டினார். ஆண்டவன் ஏற்றுக்கொண்டான் என்று அப்போதுதான் மூச்சு விட்டேன்.

நேற்று இங்கே சூப் கொதிக்கையில் அஸ்த்ரி கரண்டியை நீட்டினாள். வலக்கை அதை வாங்கியது. இடக்கை என் வாயைப் பொத்திக்கொண்டது. இரண்டு கைகளுக்கும் நடுவே ஆவி மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது.