மூன்று முறை செத்த பூதம்

மதுரையில் நாடகம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. எங்கேயும் எழுதி வைத்ததில்லை. பாட்டு பிடித்துவிட்டால் ‘ஒன்ஸ்மோர்’ என்று கத்தலாம். கத்தினால் நடிகன் திரும்பப் பாட வேண்டும். போருக்குப் புறப்பட்ட ராஜாவாக இருந்தாலும் நின்று பாடிவிட்டுத்தான் போக வேண்டும். மறுத்தால் ஜனங்கள் அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்வார்கள், பெஞ்சுகள் உடையும். சட்டத்தின் மறுபாதி நடிகர்களுக்கானது. இரண்டாம் தடவை பாடும்போது முதலில் பாடிய மாதிரியே பாடக்கூடாது. புதிதாக ஒரு சங்கதியாவது போட வேண்டும். பாடினதையே பாடினால், ஆளிடம் சரக்கு தீர்ந்துவிட்டது என்று பேசிக்கொண்டு போவார்கள்.

இன்னாசிமுத்து இந்தச் சட்டத்துக்குள்ளேயே வளர்ந்தவர். சமயநல்லூர்க்காரர். அப்பா மாதா கோயிலில் உபதேசியார். மகனும் கோயில் பாடகர் கூட்டத்தில்தான் தொண்டையைத் திறந்தார். பதினான்கு வயதில் ஊருக்கு வந்த நாடகக் கம்பெனியின் வண்டியில் ஏறிக்கொண்டார். ஐந்தரைக் கட்டையில் நின்று பாடும் குரல். சீக்கிரமே ராஜா வேஷம் கிடைத்தது. சுற்று வட்டாரத்தில் எந்த ஊர்த் திருவிழாவிலும் அவர் ஒரே பாட்டை மூன்று விதமாகப் பாடாமல் ஜனங்கள் விட்டதில்லை.

1927 மார்கழியில், திறந்த வெளியில், பனியில் விடிய விடியப் பாடிய ஒரு நாடகத்துக்குப் பிறகு குரல் உடைந்தது. கஷாயம், மிளகு, பால், ஆஸ்பத்திரி எதிலும் திரும்பி வரவில்லை. அதன்பின் மந்திரி, தூதன், காவல்காரன் என்று வேஷங்கள் இறங்கிக்கொண்டே வந்தன. காவல்காரனுக்குப் பாட்டு கிடையாது. ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும்.

1936ஆம் ஆண்டு, மனைவி பாக்கியமேரியின் தம்பி கிறிஸ்துராஜ் ஒரு நல்ல செய்தியோடு வந்தார். தல்லாகுளத்துப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் பூகோள ஆசிரியர் அவர். அங்கே பியூன் வேலை காலியாகி இருந்தது.

“மணி அடிக்கிற வேலை அத்தான். உக்காந்து சாப்பிடலாம்” என்றார்.

“உக்காந்துக்கிட்டு எப்படி மாப்ள மணி அடிக்கிறது? எந்திரிச்சுத்தானே அடிக்கணும்.”

பாக்கியமேரி சிரிக்கவில்லை. “ராத்திரி முழுக்கப் பொய்க் காவக்காரனா நிக்கிறதுக்கு, பகல்ல நெசக் காவக்காரனா நிக்கலாம்ல” என்றாள்.

ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. நாடகத்தை விட்டுவிட வேண்டும். பள்ளிக்கூட மேலாளரான சாமியாருக்குத் திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும்.

இன்னாசிமுத்து அந்தத் திங்கட்கிழமைக்குள் தனக்கு மேடையில் இடம் உண்டா என்று தெரிந்துகொள்ள விரும்பினார். அவரிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு வாய்ப்புத்தான். பழங்காநத்தத்துக்குப் போகிற வழியில் இருந்த தகரக் கொட்டகையின் முதலாளி மலைச்சாமி, பேசும் படத்துக்குப் போய்விட்ட கூட்டத்தை எப்படியாவது திருப்ப வேண்டும் என்று, சனிக்கிழமை மத்தியானங்களில் குழந்தைகளுக்கென்று ஒரு நாடகம் போடப் பார்த்தார். கதை எளிது. ஒரு பூதம் ராஜகுமாரியைத் தூக்கிவந்து தன் தோட்டத்துப் பூசணிக்காய் ஒன்றுக்குள் ஒளித்துவைக்கிறது. எந்தக் காய் என்று பூதத்துக்கே மறந்துபோகிறது. ராஜகுமாரன் வந்து பூதத்தைக் கொன்று ராஜகுமாரியை மீட்கிறான். பூதத்துக்குப் பாட்டு இல்லை என்பதால் அந்த வேஷம் இன்னாசிமுத்துவுக்கு வந்தது.

“புள்ளைங்க ஒத்துக்கிட்டா மாசச் சம்பளத்துக்கு இருங்கண்ணே” என்றார் மலைச்சாமி. “ஒத்துக்கலைன்னா என்னையக் குத்தம் சொல்லக்கூடாது.”

“ஒத்துக்கிட்டாங்கன்னு எப்படி முதலாளி தெரியும்?”

“கடைசி வரைக்கும் உக்காந்திருந்தா ஒத்துக்கிட்டாங்க.”

முதல் சனிக்கிழமை கொட்டகை முக்கால்வாசி நிறைந்தது. கிறிஸ்துராஜ் தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாக நடத்திக்கொண்டு வந்திருந்தார். காதல் பாட்டு கிடையாது என்று மலைச்சாமி சத்தியம் செய்திருந்ததால் சாமியார் அனுமதித்திருந்தார். நகரத்திலிருந்து முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் வந்தார்கள். கொட்டகைக்கு காஸ் விளக்குகள் வாடகைக்குக் கொடுக்கும் பக்கீர் முகமது தன் மகள் ஆரிபாவைக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்காரவைத்தார். அவளுக்கு வயது ஆறு. பகல் வெளிச்சம் உள்ளே வராதபடி சன்னல்களில் சாக்குத் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே நல்ல புழுக்கம்.

ராஜகுமாரன் வீரணன் வந்து பாடத் தொடங்கினான். இருபத்திரண்டு வயது. அந்தக் கொட்டகையில் அப்போது அவனைவிட நல்ல குரல் கிடையாது. காட்டை வர்ணித்து ஒரு பாட்டு, குதிரையை வர்ணித்து ஒரு பாட்டு. குழந்தைகள் முதல் சரணம் வரை வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்கள். பிறகு தலையைத் தூக்கி காஸ் விளக்கைச் சுற்றும் பூச்சிகளைப் பார்த்தார்கள். ஒருவன் தண்ணீர் கேட்டான். அதைக் கேட்டுப் பத்துப் பேருக்குத் தாகம் எடுத்தது. “குதிரை எங்க?” என்று ஒரு குரல் கேட்டது. குதிரை வரவில்லை, வருவதாகவும் இல்லை. பாட்டு முடிந்தபோது ஒன்ஸ்மோர் என்று யாரும் கேட்கவில்லை. வீரணன் வழக்கம்போல் சற்று நின்று பார்த்துவிட்டு உள்ளே போனான்.

பூதம் வந்தது. முகத்தில் பச்சை, நெற்றியில் இரண்டு கொம்பு, வயிற்றில் தலையணை. இன்னாசிமுத்து ஒரு கர்ஜனை செய்தார். உடைந்த குரல் கர்ஜனைக்கு நன்றாகவே உதவியது. அளவுக்கு மீறி உதவிவிட்டது என்பது உடனே தெரிந்தது. முன்வரிசையில் மூன்று பிள்ளைகள் அலறினார்கள். ஒரு தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். பக்கவாட்டுத் திரை ஓரத்தில் நின்ற மலைச்சாமி, அவள் போவதையும் இன்னாசிமுத்துவையும் மாறி மாறிப் பார்த்தார்.

இன்னாசிமுத்து கர்ஜனையைப் பாதியில் விட்டார். பூசணிக்காய்களின் பக்கம் திரும்பி, ஒன்றைத் தட்டி, காதை வைத்துக் கேட்டார். அடுத்ததை மோந்து பார்த்தார். பிறகு சபையைப் பார்த்து, “எதுக்குள்ள வச்சேன்? மறந்துபோச்சே” என்று சாதாரணமாகக் கேட்டார்.

கொட்டகை ஒரு கணம் யோசித்தது. பாவாடை நுனி வெளியே தெரிந்ததால், ராஜகுமாரி எந்தக் காய்க்குள் இருக்கிறாள் என்று அத்தனை பேருக்கும் தெரியும். “அங்க, அங்க” என்று ஐம்பது கைகள் தப்பான பக்கத்தைக் காட்டின. பூதம் நம்பி ஓடியது. வெறுங்காய். “இல்ல, இங்க” என்று இன்னொரு தப்பான பக்கம். பூதம் இதையும் நம்பி ஓடியது. பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் எழுந்து, “பொய் சொல்றாங்க, இடது பக்கம் கடைசிக் காய்” என்று நேர்மையாகச் சொன்னான். பக்கத்துப் பையன் அவன் முதுகில் ஒரு குத்து விட்டு உட்காரவைத்தான். கிறிஸ்துராஜ் யாரைக் கண்டிப்பது என்று தெரியாமல் இருவரையும் முறைத்தார். வாசல்வரை போன தாய் அங்கேயே நின்று பார்த்தாள்.

கடைசிக் காட்சியில் ராஜகுமாரன் வந்து மரக்கத்தியால் பூதத்தின் வயிற்றில் ஒரு குத்து விட்டான். தலையணைதானே, வலிக்கவில்லை. பூதம் நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றி, கைக்கு எட்டிய பூசணிக்காயைக் கட்டிப்பிடித்து, “யம்மா” என்று சொல்லி, வலது பக்கமாகப் பலகை அதிர விழுந்தது. புழுதி எழுந்தது. கண்ணை மூடிய பிறகு இடது கால் மட்டும் இரண்டு தடவை உதைத்துவிட்டு நின்றது.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அடங்கும்போது பின் வரிசையில் ஒரு பையன், அப்பாவோடு ராத்திரி நாடகம் பார்த்துப் பழகினவன், “ஒன்ஸ்மோர்” என்றான். கொட்டகை முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டது.

பாட்டுக்கு ஒன்ஸ்மோர் உண்டு. சாவுக்கு ஒன்ஸ்மோர் யாரும் கேட்டதில்லை. வீரணன் அது தனக்குத்தான் என்று நினைத்து, குதிரைப் பாட்டின் பல்லவியை எடுத்தான். “நீ இல்ல, பூதம்” என்றது முன்வரிசை. மலைச்சாமி திரை ஓரத்திலிருந்து, அப்படியே கிட என்று கையால் காட்டினார். இன்னாசிமுத்து கண்ணை மூடிக் கிடந்ததால் அதைப் பார்க்கவில்லை. அல்லது பார்க்கவில்லை என்று பிற்பாடு சொன்னார். ஒன்பது வருஷமாக யாரும் அவரைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அவர் எழுந்து, தலையணையைச் சரிசெய்துகொண்டு, பழைய இடத்தில் போய் நின்றார்.

“குத்துங்க தம்பி.”

“செத்துட்டீங்கண்ணே” என்றான் வீரணன், பல்லைக் கடித்துக்கொண்டு.

“அதான் மறுபடி கேக்குறாங்கள்ல. குத்துங்க.”

வீரணன் குத்தினான். இன்னாசிமுத்து இத்தனை வருஷப் பழக்கத்தில், முதலில் செய்ததைத் திரும்பச் செய்யவில்லை. புதிய சங்கதி போட்டார். மார்பைப் பிடித்தார், தள்ளாடினார், தன் பாவங்களை நினைத்து நான்கு வாக்கியம் பேசினார், முட்டிபோட்டு, இடது பக்கமாக மெதுவாகச் சரிந்தார். ராத்திரிக் கூட்டமாக இருந்தால் கொட்டகை இடிந்திருக்கும். இங்கே சத்தமே இல்லை.

அந்த அமைதியில் ஆரிபா எழுந்து நின்றாள்.

“அப்படி இல்ல. பூசணிக்காயைக் கட்டிப் பிடிக்கணும்.”

“சும்மா இரு புள்ள” என்றார் பக்கீர் முகமது.

“காலும் உதைக்கல அத்தா. இவரு தப்பாச் செத்துட்டாரு.”

“ஆமா, தப்பு” என்று நாலா பக்கமும் ஒப்புக்கொண்டார்கள். “மொதல்ல செத்தாரே, அது மாதிரி.” இம்முறை குரல்களில் விளையாட்டு இல்லை. குறை தெரிந்துவிட்டது, குறையைத் தீர்க்க வேண்டும். சில பிள்ளைகள் அழுகிற நிலையில் இருந்தார்கள்.

இன்னாசிமுத்து கிடந்தபடியே கண்ணைத் திறந்து முன்வரிசையைப் பார்த்தார். பிறகு எழுந்தார். ஒரு சுற்று, பூசணிக்காய், ‘யம்மா’, வலது பக்கம், பலகை, புழுதி. கொட்டகை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. இடது கால் ஒரு தடவை உதைத்தது. இன்னொரு தடவை உதைத்தது. அதற்குப் பிறகுதான் சிரித்தார்கள், முதல் தடவையைவிடப் பலமாக. திரை விழும்வரை ஒருவரும் எழுந்து போகவில்லை.

ஆனால் அன்று மாலை அவருக்கு வேலை உறுதியாகவில்லை. வீரணன் கிரீடத்தைக் கழற்றிப் பெட்டிமேல் வைத்துவிட்டு, “காப்பாத்துனது நான். கத்துறது பூதத்துக்கு. அடுத்த வாரம் நான் வரணுமான்னு யோசிக்கணும் முதலாளி” என்றான். பாட்டுக்காரனை இழக்க மலைச்சாமிக்குத் துணிவில்லை. “செத்தவன் எந்திரிச்சா அப்புறம் ராஜகுமாரன் எதுக்குண்ணே? பாப்போம்” என்று மட்டும் இன்னாசிமுத்துவிடம் சொன்னார்.

திங்கட்கிழமை சாயங்காலம் கிறிஸ்துராஜ் வந்தார். முகம் நன்றாக இல்லை.

“இன்னைக்கு இடைவேளையில பள்ளிக்கூடத்து மைதானத்துல அத்தனை பயலும் சாகுறான் அத்தான். வேப்ப மரத்தைக் கட்டிப் புடிச்சுச் சாகுறான். சாமியார் மாடியிலேர்ந்து பாத்துட்டுக் கீழ வந்துட்டாரு. யாருடா சொல்லிக் குடுத்ததுன்னா, உங்க பேரைச் சொல்றானுங்க.”

“கோவிச்சுக்கிட்டாரா?”

“சிரிச்சாரு. ஆனா பியூன் வேலைக்கு வேற ஆள் பாக்கச் சொல்லிட்டாரு. நீங்க மணியைத் தொட்டா எவன் வகுப்புக்குப் போவான்?”

பாக்கியமேரி தம்பிக்குக் காப்பி வைத்துக் கொடுத்தாள். ஒரு வேலை போய்விட்டது, மற்றது வரவில்லை.

மறுநாள் பக்கீர் முகமது விளக்குகளைத் துடைத்து எண்ணெய் ஊற்றக் கொட்டகைக்கு வந்தார். மலைச்சாமி அவரிடம் கேட்டார்: “பாய், உங்க பொண்ணுக்கு வீரணன் பாட்டு எப்படி?”

“எந்தப் பாட்டு?”

“ரெண்டு பாடுனானே.”

“பாட்டப் பத்தி ஒண்ணும் சொல்லலையே. வீட்டுல தலகாணியக் கட்டிக்கிட்டுச் சாகுறா. தெருப் புள்ளைங்க அம்புட்டும் தவிக்குது, சனிக்கிழமை எப்ப வரும்னு. பூதம் இருக்குல்ல?”

மலைச்சாமி ஆள் அனுப்பி இன்னாசிமுத்துவை வரவழைத்தார். மாதச் சம்பளம் பேசினார். மூன்று தடவைக்கு மேல் சாகக்கூடாது. நேரம் நீண்டால் விளக்கு வாடகை ஏறும் என்றார். குதிரைப் பாட்டை எடுத்துவிட்டார். வீரணன் அந்த வாரமே திண்டுக்கல்லில் ஒரு கம்பெனிக்குப் போனான். அங்கே நன்றாக இருந்தான் என்கிறார்கள்.

மண்ணெண்ணெய் கிடைக்காமல் கொட்டகை மூடப்பட்ட 1943 வரை இன்னாசிமுத்து சனிக்கிழமைதோறும் பூதமாக இருந்தார். அதே பிள்ளைகள் திரும்பத் திரும்ப வந்தார்கள். தங்கை தம்பிகளைக் கூட்டிவந்து, எப்போது கால் உதைக்கும் என்று முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தார்கள். அவர் இரவு நாடகங்களுக்குப் போகவில்லை. சங்கதி போடும் பழக்கம் கையிலும் காலிலும் துருதுருத்துக்கொண்டே இருந்ததாகவும், அதை அடக்குவதுதான் பெரிய வேலை என்றும் நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார்.

பாக்கியமேரி ஒரு தடவைகூட அந்த நாடகத்துக்கு வரவில்லை. புருஷன் சாவதை உட்கார்ந்து பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில், பூசைக்குப் புறப்படும் முன், உப்பை வறுத்துத் துணியில் முடிந்து அவர் வலது இடுப்பில் ஒத்தடம் கொடுப்பாள். அந்த இடம் எப்போதும் கன்றிப்போய்த்தான் இருந்தது.

“ஒரு வாரமாச்சும் இடப்பக்கம் விழக்கூடாதா?” என்று கேட்டாள்.

“விழுந்தா ஒத்துக்க மாட்டாங்க” என்றார் இன்னாசிமுத்து. “மறுபடியும் முதல்லேர்ந்து சாகணும்.”