ஆர்ட் பேப்பரில் மாதா

சந்தனமேரிக்குப் பயப்படக் காரணமே வேண்டியதில்லை என்று அச்சகத்தில் எல்லோரும் சொல்லிச் சிரிப்பார்கள். பஸ்ஸுக்குப் பயம், பல்லிக்குப் பயம், முதலாளி தொண்டையைச் செருமினால் பயம். இடி இடித்தால் ஜெபமாலையைத் தேடுவாள். மேகம் கூடியும் இடிக்காவிட்டால், ஏன் இன்னும் இடிக்கவில்லை என்று கிடந்து தவிப்பாள்.

சிரித்தவர்கள் அவள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். அவள் புருஷன் சூசைராஜ் அதே அச்சகத்தில் கட்டிங் மிஷினில் நின்றவர். ஒரு தீபாவளி அவசரத்தில் கத்தி இறங்கும்போது கை உள்ளே இருந்துவிட்டது. வலது கையில் கட்டைவிரலைத் தவிர மற்றதெல்லாம் போயிற்று. முதலாளி ஆத்மநாதன் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார், பெண்சாதிக்கு அச்சகத்தில் ஒரு வேலை கொடுத்தார், அதோடு தன் கடமை தீர்ந்ததென்று வெற்றிலை போடப் போய்விட்டார். அன்றிலிருந்து அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது. வேலை போனால் புருஷனும் இரண்டு பிள்ளைகளும் பட்டினி. புதுக்கோட்டையில் அவளுக்கு வேறு நாதி கிடையாது.

அச்சாகி வரும் தாளை எடுத்து அடுக்குவதும் மடிப்பதும் அவள் வேலை. புகுந்த வீட்டு மனிதர்களின் குணத்தைப் படிப்பது போல அவள் காகிதத்தின் குணத்தைப் படித்துவைத்திருந்தாள். நோட்டீசுக்குப் போகும் மட்டக் காகிதம் மையைக் குடித்துவிடும். அடித்த சூட்டோடு அடுக்கலாம், கோபித்துக்கொள்ளாது. கல்யாணப் பத்திரிகைக்குப் போகும் தடித்த தாளுக்கு இழை ஓடும் வாக்கு ஒன்று உண்டு; அந்த வாக்கில் மடித்தால் படியும், எதிர்த்து மடித்தால் முதுகு வெடித்துவிடும். இந்த ஆர்ட் பேப்பர் இருக்கிறதே, அதுதான் சீமான் வீட்டுப் பிள்ளை. மேலே சுண்ணாம்பு மாதிரி ஒரு பூச்சு, கண்ணாடி மாதிரி வழவழப்பு. மை உள்ளே இறங்காமல் மேலேயே உட்கார்ந்திருக்கும். காயும்வரை தாளுக்கும் தாளுக்கும் நடுவில் ஒரு கழிவுத் தாள் வைக்க வேண்டும். உயரமாக அடுக்கக் கூடாது, ஈரக் காற்றும் ஆகாது.

ஐம்பத்தெட்டாம் வருஷக் கோடையில், ஆவூர்த் திருவிழாவில் மெழுகுவர்த்திக் கடை போடும் ஆரோக்கியமுத்து, மாதா படம் அச்சடிக்கக் கொடுத்தார். படத்தைப் புள்ளி புள்ளியாகச் செதுக்கிய உலோகத் தகடு, பிளாக் என்பார்கள், திருச்சியிலிருந்து வந்தது. அதன் புள்ளிகள் அத்தனை பொடிசு. சாதாத் தாளில் அடித்துப் பார்த்தால் மாதா முகம் கரியாய் அப்பிக்கொண்டது. ஆர்ட் பேப்பரில்தான் கண்ணும் இமையும் தெரிந்தன. மிஷின் மிதித்த குழந்தைசாமியே நிறுத்திவிட்டு ஒரு தரம் கும்பிட்டான்.

சந்தனமேரி சிலுவை போட்டுக்கொண்டு முதல் தாளை வாங்கி வைத்தாள். நடுவில் வைக்கக் கழிவுத் தாளுக்குக் கை நீட்டினாள். அங்கே இருந்ததெல்லாம் சினிமா நோட்டீஸ். ஒவ்வொன்றிலும் ஒருத்தி இடுப்பை ஒடித்துக்கொண்டு கண்ணடித்தாள். அந்த முகத்தை மாதா முகத்தின் மேல் எப்படிக் கவிழ்ப்பது? அவளுக்குக் கை வரவில்லை. அந்தப் பாவத்துக்குப் பிள்ளைகளுக்கு ஏதாவது வந்துவிட்டால் என்ற நினைப்பிலேயே வியர்த்தது. வெற்றுத் தாள் எடுக்கலாம். ஆனால் முதலாளி திருவரங்குளத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவரைக் கேட்காமல் புதுத் தாளைத் தொட அதைவிடப் பயம்.

"தம்பி, நடுவுல ஒண்ணும் வைக்காட்டி என்ன ஆகும்?" என்று குழந்தைசாமியைக் கேட்டாள்.

"அடிக்கிற வெயிலுக்கு இப்பவே காஞ்சுரும்க்கா. சும்மா அடுக்குங்க."

அவள் சும்மா அடுக்கினாள். காற்றில் பறக்காமலிருக்க மேலே ஓர் இரும்புப் பாளத்தையும் தூக்கி வைத்தாள். சாயங்காலம் அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் கோடைமழை பிடித்துக்கொண்டது.

காலையில் பாளத்தை நகர்த்தி மேல்தாளை எடுத்தபோது அடுக்கு மொத்தமும் செங்கல்லாய்க் கூடவே எழும்பியது. நகத்தால் ஓரத்தைப் பிரித்து மெல்ல இழுத்தாள். சர்ரென்று சத்தம். மாதாவின் முகம் பூச்சோடு உரிந்து மேல்தாளின் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தது. கீழே முகம் இருந்த இடத்தில் வெள்ளை. அடுத்ததிலும் அப்படியே. அதற்கு மேல் பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆத்மநாதன் வந்து பார்த்தார்.

"யாரு அடுக்குனது?"

"நாந்தாங்க."

"கழிவுத் தாள் ஏன் வைக்கல?"

"சினிமாக்காரி மொகத்த மாதா மொகத்து மேல வைக்கக் கை வரலீங்க."

அவர் குனிந்து ஒட்டிப்போன அடுக்கை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். போ என்று சொல்லப் போகிறார், சொல்லப் போகிறார் என்று கிடந்து துடித்தாள். அவர் சொல்லவில்லை. "போனது போச்சு. திருச்சிக்கு ஆள் அனுப்பி வேற தாள் வாங்குறேன். இனிமே இப்படிச் செய்யாத" என்றார். சந்தனமேரிக்கு உயிர் திரும்பி வந்தது.

அது வந்த வேகத்திலேயே போயிற்று. "கொழந்தசாமி, இந்தக் கழிசலக் கட்டி கடலக்காரன்ட்ட போட்டுட்டு வா" என்றார் முதலாளி.

பேசாமல் இருந்திருந்தால் பிழைத்துப் போயிருப்பாள். கால்கள்தாம் எழுந்து போய் வாசலை மறித்தன.

"வேண்டாங்க மொதலாளி. சந்தையில கடலயத் தின்னுட்டு பொட்டலத்தக் காலுல போட்டு மிதிப்பாங்க."

"மொகமே இல்லாத படத்துல என்ன மாதா? வெறுங் காயிதம்."

"எங்கிட்டக் குடுத்துருங்க."

"பெரிய மனசு பண்ணி விட்டேன், நீ எனக்கே புத்தி சொல்றியா? எடுத்துட்டுப் போ. நாளையிலருந்து இங்கிட்டு வராத."

எடுத்துக்கொண்டு போனாள். அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். தெரு முனை திரும்பும்வரை முதலாளி கூப்பிடுகிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டே நடந்தாள். அவர் கூப்பிட்டால் சுமையைப் போட்டுவிட்டுத் திரும்பியிருப்பாள். அவர் கூப்பிடவில்லை.

கிழிந்த சாமி படத்தைக் குப்பையில் போடக் கூடாது, எரித்துச் சாம்பலைப் புதைக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அடுப்பில் போட்டாள். ஆர்ட் பேப்பர் லேசில் பற்றவில்லை. ஓரம் கருகிப் புகைந்து அணைந்தது. வீட்டிலிருந்த விறகையெல்லாம் ஒவ்வொன்றாய்த் திணித்தாள். ஒருவழியாக எரிந்தது. எரிந்தும் சாம்பல் உதிரவில்லை. பூச்சின் கனத்தில் ஏடு ஏடாக நின்றது. மேல் ஏடு சூட்டில் சுருண்டு விலகிய இடத்தில், அவள் பிரிக்காமல் விட்ட ஒரு படத்தில், மாதாவின் முகம் சாம்பல் நிறத்தில் கண்ணும் இமையுமாக அப்படியே இருந்தது.

சந்தனமேரிக்கு ரோமம் சிலிர்த்தது. ஓடிப்போக நினைத்தவளுக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. "ஒனக்காகத்தான வேலைய விட்டுட்டு வந்தேன். இன்னும் என்னய எதுக்குப் பாக்குற?" என்றாள். பிறந்ததிலிருந்து அவள் யாரையும் இப்படி அதட்டியதில்லை. அடுத்த நொடியே அதற்கும் பயந்து சிலுவை போட்டுக்கொண்டாள்.

சூசைராஜ் உள்ளே வந்து பார்த்தார். "பிள்ளைக பசிக்குதுன்னு சொல்லுதுக" என்று மட்டும் சொன்னார்.

சாம்பலுக்கு அடியில் நல்ல கனல் இருந்தது. வேறு விறகில்லை. வாங்கவும் வழியில்லை. அந்த முகத்தின் மேல் பானையை எப்படி வைப்பது என்று சந்தனமேரி நெடுநேரம் நின்றாள். பிறகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உலையை வைத்தாள்.