பன்னிரண்டு பேர் வந்தால் தீச்சட்டி

தை மாதக் கடைசித் திங்கட்கிழமை மாலை, அனுமந்தன்பட்டி சமுதாயக்கூடத்தில் நானும் ஒரு கரும்பலகையும், படிக்க வந்த ஒரே ஆளான பாண்டியம்மாளும் மட்டும் இருந்தோம். கௌமாரியம்மனின் அடியார்களே, என் சோதனையை அங்கிருந்துதான் சொல்ல வேண்டும்.

நான் தொலைபேசி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் நாள் கிழமையோடு குறித்துவைப்பவன். திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் மாலை வகுப்பை நானே கேட்டு வாங்கி நடத்தி வந்தேன். விஜயதசமியன்று தொடங்கியபோது கூடம் நிறைந்திருந்தது. அன்று சுண்டல் கொடுத்தோம். மறுநாள் சுண்டல் இல்லை. கூட்டமும் இல்லை.

தெருவில் கூப்பிட்டால் செல்வி என்ற பெண் கேட்பார்: "நாள் பூராவும் பந்தலுக்கடியில அண்ணாந்து நின்னு கழுத்து ஒடியுது சார். அங்கன வந்து போர்டையும் அண்ணாந்து பாக்கணுமாக்கும்?"

எத்தனையோ நூல்கள் படித்தவன்தான். கழுத்து வலிக்கு மருந்து எதிலும் எழுதியிருக்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலைதான் வகுப்புகளின் மேற்பார்வையாளர் வந்திருந்தார். பங்குனி பிறந்ததும் மறுபடி வருவாராம். பன்னிரண்டு பேராவது இருக்க வேண்டும். இல்லையென்றால் வகுப்பை மூடிவிட்டுக் கரும்பலகையை வேறு ஊருக்குக் கொண்டுபோவார்களாம்.

இதைச் சொன்னதும் பாண்டியம்மாள் சிலேட்டைக் கீழே வைத்தார்.

"மூடிட்டா நான் எங்கன சார் போவேன்? போன மழைக்கு பூச்சிமருந்துப் பாட்டில எம்மக கழுவி, குடிக்கத் தண்ணி புடிச்சு வச்சிருந்தா. நாத்தம் காட்டிக்குடுத்துச்சு, பொழச்சோம். அதுல என்ன எழுதியிருக்குன்னு அவளுக்கும் தெரியல, எனக்கும் தெரியல."

அவர் மகளுக்கு அப்போது பள்ளிக்கூடம் போகும் வயதுகூட இல்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலுக்குப் போனேன். சன்னதியில் நின்றதும் அழுகை வந்துவிட்டது. "தாயே, பன்னிரண்டு பேரைக் கொடு. சித்திரைத் திருவிழாவில் தீச்சட்டி எடுக்கிறேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் பயம் வந்தது. நான் காப்பியைக்கூட ஆற்றி ஆற்றிப் பச்சைத் தண்ணீராக்கிக் குடிப்பவன்.

இதை என் மனைவி கமலத்திடம் மட்டும் சொன்னேன்.

"யாரு, நீங்களா?" என்றாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சிரித்தாள். மறுநாள் காலை தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனாள். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து பேர் வகுப்புக்கு வந்தார்கள். என்னை உச்சிமுதல் உள்ளங்கால்வரை பார்த்தார்கள்.

"சார், நெசமாவே சட்டி எடுப்பீகளா?"

"பன்னிரண்டு பேர் வந்தால்."

மாசி முதல் வாரத்தில் ஒருநாள் பதினொரு பேர் ஆனார்கள். அன்று செல்வி வாசலில் நின்று தெருவைப் பார்த்துப் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது: "ஏத்தா, வேகமா வாத்தா! ஒரு ஆளுதான் கொறையுது. விட்டா சார் தப்பிச்சிருவாக!"

பன்னிரண்டாவது ஆள், அடுப்பில் உலையை வைத்துவிட்டு ஓடிவந்தார்.

வேடிக்கை பார்க்க வந்தவர்களை எப்படி உட்காரவைப்பது? அதற்கும் அம்மனே வழிகாட்டினாள். திராட்சைத் தோட்டத்தில் கிடந்த பூச்சிமருந்து அட்டைப்பெட்டி ஒன்றைப் பாண்டியம்மாள் தூக்கிவந்தார். "இத மொதல்ல சொல்லுங்க சார், ஆனா ஆவன்னா அங்கிட்டு இருக்கட்டும்" என்றார். பெட்டியில் இருந்ததைக் கரும்பலகையில் எழுதி, பலகையைத் தரையில் படுக்கவைத்தேன். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து குனிந்து படித்தார்கள். கழுத்து வலிப் புகார் அன்றோடு போயிற்று. எங்கள் வகுப்பு முதலில் படித்த சொல் 'நஞ்சு'.

பங்குனியில் மேற்பார்வையாளர் வந்தார். எண்ணிப் பார்த்தார். பதினான்கு. படிக்கச் சொன்னார். படித்தார்கள். வகுப்பு நிலைத்தது. நான் திருவிழாவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணத் தொடங்கினேன்.

சித்திரைத் திருவிழாவில், செவ்வாய்க்கிழமை, மஞ்சள் வேட்டி கட்டி முல்லையாற்றில் குளித்து நின்றேன். கையில் வேப்பிலையைப் பரப்பி அதன்மேல் சட்டியை வைத்தார்கள். கமலம் முன்னால் போனாள். பதினான்கு பெண்களும் சுற்றி வந்தார்கள். ஆனால் அவர்கள் கண் என் சட்டியில் இல்லை. கடைப் பலகைகளில் இருந்தது.

"வ… வளை… வளையல் கடை!"

"கரும்புச் சாறு. ஏ, நான் மொதல்ல சொல்லிட்டேன்!"

கூட்டம் நெருக்கியது. கோயிலுக்கு அருகே எனக்கு நேர் முன்னால் பாண்டியம்மாள் சட்டென்று நின்றுவிட்டார். அவர் நின்றதும் எல்லோரும் நின்றார்கள். சட்டியோடு நானும் நின்றேன். விளக்குக் கம்பத்தில் ஒரு பெரிய அறிவிப்புப் பலகை இருந்தது.

"பாண்டியம்மா, நடங்க!"

"இருங்க சார், இன்னும் ஒரு வரிதான். அக்… அக்கினிச்… சட்டி… ஏந்தி… வரும்… பக்தர்கள்…"

"பாண்டியம்மா!"

"…வழியில்… நிற்க… வேண்டாம்." படித்து முடித்துவிட்டு ஒரு நொடி யோசித்தார். "அய்யய்யோ, சார் நிக்கிறாக! வழி விடுங்கத்தா!"

நான் ஓடிய ஓட்டத்தில்தான் அன்று கோயிலை அடைந்தேன். சட்டியை இறக்கிவிட்டுக் கையைப் பார்த்தேன். ஒரு கொப்புளம் இல்லை. இது சத்தியம். கமலமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

இப்போது பாண்டியம்மாள் வீட்டில் மருந்துப் பாட்டில் உத்தரத்தில் தொங்குகிறது. 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்று அவரே படித்துவிட்டுத் தொங்கவிட்டது. தோட்டத்தில் மருந்து கலக்கும் முன் மற்றவர்கள் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். நானும் மாறிவிட்டேன். காப்பியைச் சூடாகவே குடிக்கிறேன்.

அடியார்களே, ஊருக்கு ஒரு நல்லது நினைத்து, ஆளில்லையே என்று கலங்கி நிற்பவர் உங்களில் யாராவது இருந்தால், வீரபாண்டிக்கு வந்து அவள் காலடியில் சொல்லுங்கள். அவள் ஆள் அனுப்புவாள். நேர்த்திக்கடனை வீட்டிலும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். அன்று தெருக்குழாய்க்குக் கமலத்தை அனுப்பியதும் அவள்தான் என்று நான் முழுமனதோடு நம்புகிறேன்.