கரண்ட் போனால் நடை

பழவேற்காட்டு லைட்ஹவுஸ் குப்பத்தில் கரண்ட் போனால் எல்லோரும் மின்வாரியத்தைத் திட்டுவார்கள். பூவிழி மட்டும் திட்டமாட்டாள். மடிக்கணினியை மூடிவிட்டு, "நைனா, செருப்ப மாட்டிக்கோ" என்பாள் அப்பாவிடம்.

பூவிழிக்கு இருபத்தாறு வயது. பி.காம். முடித்தவள். ஆன்லைனில் துணி விற்கும் ஒரு சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். வாங்கியவர்கள் அனுப்பும் புகார்களுக்கு அவள் பதில் எழுத வேண்டும். மெரூன் கேட்டேன், தக்காளிச் சிவப்பில் வந்திருக்கிறது. என் மருமகளுக்குப் பிடிக்கவில்லை, திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான்: தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். ஒரே நாளில் இத்தனை பேருக்காக வருந்துகிற பெண் அந்தக் கரையில் வேறு யாரும் இல்லை.

கம்பெனி கொடுத்த மடிக்கணினி அம்மிக்கல் கனம். அதன் பேட்டரி செத்து ரொம்ப நாளாகிறது. ஒயரைப் பிடுங்கினால் அந்த நொடியே திரை இருண்டுவிடும். மடியில் வைத்தால் சுடும், தூக்கினால் தோள் வலிக்கும். ஆனாலும் பெயர் மடிக்கணினிதான்.

காலையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத வேலை அது. கொஞ்ச நேரம் கை ஓய்ந்தால் அவள் பெயருக்குப் பக்கத்திலிருக்கும் பச்சைப் புள்ளி மஞ்சளாகும். அது மஞ்சளானால் சென்னையில் சாம் என்கிற டீம் லீடருக்கு முகம் வாடும். கரண்ட் போனால் மட்டும் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. உப்புக் காற்று பட்டுப் பட்டு அந்தப் பக்கத்துக் கம்பங்களில் இருப்பதெல்லாம் துருதான்; காற்று கொஞ்சம் பலத்தாலே கரண்ட் போய்விடும். பழவேற்காட்டில் கரண்ட் இல்லை என்றால் சாமே "சரி, வந்ததும் லாகின் பண்ணுங்க" என்று விட்டுவிடுவார்.

அப்பா ராஜவேலு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் சோர்ந்துவிட்டன. ஃபைபர் படகு இப்போது அவர் தம்பியிடம் இருக்கிறது. தினமும் மணலில் நடக்க வேண்டும், கூட ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒருவர் யார் என்பதை அவர் சொல்லவில்லை. அம்மா செல்வம்மாள் விடிவதற்குள் ஏலத்துக்குப் போய் மீன் எடுத்து, விற்று முடித்து, விளக்கு வைத்த பிறகுதான் வீடு திரும்புவாள். பூவிழிக்கோ காலையில் சோறாக்கி, தண்ணீர் பிடித்து, அவரைக் குளிப்பாட்டி முடிப்பதற்குள் லாகின் நேரம் வந்துவிடும். மத்தியானம் மணல் கொதிக்கும். இருட்டிய பிறகு கரையில் கயிறும் நங்கூரமும் காலை வாரும்.

ஆக, ஞாயிற்றுக்கிழமை போக, கரண்ட் போனால்தான் ராஜவேலுவுக்கு நடை. முன்பெல்லாம் காற்று ஏறினால் கெட்ட வார்த்தையில் திட்டியவர், இப்போது வாடைக் காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே முகம் மலர்ந்து நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார். இருவரும் கரையோரமாக, கவிழ்த்துப் போட்ட படகுகள் வரைக்கும் போவார்கள். எந்த வலையை யார் ஒழுங்காகத் தைக்கவில்லை, எவன் இன்ஜினை எவன் கெடுத்தான் என்று அவர் வழியெல்லாம் குறை சொல்லிக்கொண்டே வருவார். பூவிழி சிரிப்பாள். அந்த நேரம் அவளுக்கும் பிடித்திருந்தது. நாள் முழுக்க முகம் தெரியாதவர்களிடம் வருந்திவிட்டு, தெரிந்த ஒரு மனிதரோடு நடப்பது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

திரும்பி வந்ததும் அவரை வாசலில் விட்டுவிட்டு, கால் கழுவத் தண்ணீர் எடுக்கப் பின்பக்கம் போவாள். அவள் உள்ளே வருவதற்குள் பெரும்பாலும் கரண்டும் வந்திருக்கும். "ஈபிகாரனுக்குக்கூட நெஞ்சுல ஈரம் கீதுடி" என்பாள், ராத்திரி வீடு திரும்பி இதைக் கேட்கும் செல்வம்மாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சாமிடமிருந்து அந்தச் செய்தி வந்தது. கம்பெனி புது மாடல் மடிக்கணினி வாங்கியிருக்கிறது. மெல்லியது, எடையே தெரியாது. விருப்பமுள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். எடுத்துக்கொள்கிறவர்கள் சீனியர் குழுவுக்கு மாறலாம். வேண்டாம் என்பவர்கள் பழையதையே வைத்துக்கொள்ளலாம், ஆனால் பழைய இடத்திலேயே இருக்க வேண்டும்.

பழவேற்காடு ஊருக்குள் இருக்கும் ஷிஃபாவுக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. அவள் முன்னமே வாங்கிவிட்டாள். காட்டுவதற்கென்றே அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் கொண்டுவந்தாள். பூவிழி அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். நோட்டுப் புத்தகத்தைத் தூக்குவது போலிருந்தது. விசிறிச் சத்தம் இல்லை. விசைப்பலகை எழுத்துகளுக்கு அடியில் வெளிச்சம். அவளுக்கு ஆசை வந்தது. வராமல் எப்படி இருக்கும்?

"பேட்டரி எவ்ளோ நேரம் நிக்கும்?" என்று கேட்டாள்.

"காலைல சார்ஜ் போட்டா ராத்திரி வரைக்கும். நெட்டுக்குத்தான் போன் கீதே. கரண்ட் இருந்தா இன்னா, போனா இன்னா?"

பூவிழி அதை மெதுவாகக் கட்டில் மேல் வைத்தாள்.

"இன்னாடி யோசிக்கிற? இந்தக் குண்டுச் சட்டியிலயே குதிர ஓட்டினு இருக்கப் போறியா?"

ஷிஃபா சொன்னதில் தப்பில்லை. பூவிழிக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்களெல்லாம் சீனியர் ஆகிவிட்டார்கள். இந்தத் தடவையும் விட்டால் இனி யாரும் அவளைக் கேட்கமாட்டார்கள். எடுத்துக்கொண்டால், வாடை அடித்தாலும் புயலே வந்தாலும் பச்சைப் புள்ளி பச்சையாகவே இருக்கும். அப்புறம் நடைக்கு ஏது நேரம்? இதை வாய்விட்டு ஷிஃபாவிடம் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. நல்ல மிஷினை, நல்ல மிஷினாக இருக்கிறது என்பதற்காக வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா?

வியாழக்கிழமை அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். கனம் குறைவு என்றாள். வேகம் அதிகம் என்றாள். சீனியர் ஆகலாம் என்றாள்.

"எடுத்துக்கோ. கட்டுமரத்த விட்டு ஃபைபருக்கு மாறச் சொல்லோ எங்க நைனாவும்தான் மொனகினாரு. ரெண்டே மாசம், அப்பறம் எறங்கவே மாட்டேன்னாரு." ராஜவேலு சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார். "அதுல இன்னா கொற கீது?"

பூவிழி குழம்பை ஊற்றினாள்.

"ஒண்ணுமில்ல நைனா."

வெள்ளிக்கிழமை சரி என்று எழுதிப் போட்டாள். தனக்குத்தானே ஒரு வாக்கும் கொடுத்துக்கொண்டாள்: சீனியர் ஆனதும் தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் பிரேக் எடுத்து அவரை நடக்க வைப்பது. நம் எல்லோருக்கும் வருகிற நல்ல எண்ணம்தான். புது மடிக்கணினி வந்தது. அந்த அரை மணி நேரத்தில்தான் சீனியர்களுக்கு மீட்டிங் என்பதும் கூடவே தெரிந்தது. அந்த வாரம் அவளுக்கு வேலை பழகுவதிலேயே போயிற்று.

அடுத்த வாரம் ஒரு நாள், சாயங்காலம், மீட்டிங் நடந்துகொண்டிருந்தது. திரையில் சாமும் இன்னும் பலரும் கட்டம் கட்டமாகத் தெரிந்தார்கள். தலைக்கு மேலே மின்விசிறி மெல்ல ஓய்ந்து நின்றது. பழக்கத்தில் பூவிழியின் கை மடிக்கணினியை மூடப் போயிற்று. திரை அணையவில்லை. கையை எடுத்துக்கொண்டாள்.

ராஜவேலு அறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார். செருப்பும் மாட்டியாகிவிட்டது.

"கரண்ட் போச்சிம்மா."

பூவிழி மைக்கை அணைத்தாள். "நைனா, இது கரண்ட் இல்லாமயே ஓடும். மீட்டிங் போயினு கீது. கொஞ்சம் இரு."

அவர் திரையைப் பார்த்தார். அதில் அத்தனை முகங்களும் பேசிக்கொண்டிருந்தன.

"எவ்ளோ நேரம் ஓடும்?"

"ராத்திரி வரைக்கும்."

"அப்டியா," என்றார் ராஜவேலு. "நல்லதுதானே."

சாம் அவள் பெயரைச் சொன்னார். அவள் மைக்கைப் போட்டுக்கொண்டு பாக்கி நிற்கும் புகார்களைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். பேசும்போதுதான் பக்கத்து வீட்டு டிவியில் சீரியல்காரி ஒருத்தி அழுவது கேட்டது. கரண்ட் இல்லாமல் டிவி எப்படி ஓடும்? பூவிழி திரும்பிப் பார்த்தாள். திறந்திருந்த கதவு வழியாக அப்பா போவது தெரிந்தது. யார் கையையும் பிடிக்காமல், சுவரைத் தடவிக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்து அவர் வாசல்வரை போனார். அங்கிருந்த மெயின் சுவிட்சுக்கு நல்ல கையை உயர்த்தினார். டக்கென்று சத்தம் கேட்டது. மின்விசிறி மறுபடி சுற்றத் தொடங்கியது.

இத்தனை நாளும் யார் அணைத்த கரண்டுக்குக் காற்றின் மேல் பழி போட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"பூவிழி, லைன்ல இருக்கீங்களா?" என்றார் சாம்.

அவள் எழுந்து வெளியே வந்தாள். ராஜவேலு நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து, ஒற்றைக் கையால் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நைனா."

அவர் நிமிரவில்லை.

"கரண்ட் வந்துட்ச்சிம்மா. உள்ள போயி வேலயப் பாரு."