மோட்டர் ஆகாத கிணறு

அந்த வீட்டை விற்க நின்றபோது, அதன் குறைகளை நான் ஒளிக்கவில்லை என்றுதான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். குசினியில் அடுப்பு மூலை மழைக்கு ஒழுகும். முன்கதவு மாரியில் ஊதி இறுகும். தோளால் ஒரு இடி இடித்தால்தான் திறக்கும். ஒரு ஜன்னல் நிலையில் கறையான். பார்க்க வருகிறவர்களுக்கு இவ்வளவையும் நானே தொட்டுக் காட்டுவேன். கிணற்றைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டேன். சின்னக் குறைகளைச் சொல்லிப் பெரிய குறையை மூடுகிற வித்தை அது. எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து, நுரைச்சோலைக்குக் கிட்ட, கடல் களப்பின் ஓரமாக வாங்கிய மணல் காணியில் கட்டிய வீடு. சண்டை முடிந்தபின் எங்கள் மகள் கலியாணம் முடித்து யாழ்ப்பாணத்துக்கே போனாள். இப்போது பிள்ளைத்தாச்சி. அவளுடைய பேறுக்கு முன் நாங்கள் அங்கே போய்ச் சேர வேண்டும். இந்த வீடு விலைப்பட்டால்தான் அங்கே பழைய வீட்டுக்குக் கூரை போடலாம். முதலில் பார்க்க வந்தவர்களிடம் என் கணவர் கிணற்றுக் கதையைச் சொன்னார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவே இல்லை. அதற்குப் பிறகு ஆட்கள் வருகிற நாட்களில் அவரைப் பேக்கரிக்கு அனுப்பிவிடுவேன்.

"கேட்டால் சொல்லத்தானே வேணும்?" என்றார் ஒருநாள், சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே.

"கேட்டால் சொல்லுறன். கேக்காததுக்கு நான் ஏன் வாயைக் குடுப்பான்? நீங்கள் பாணை வாங்கிக்கொண்டு ஆறுதலா வாங்கோ."

எங்களுக்கு அந்தக் காணியை விற்றவர் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த முஸ்லிம் பெண். ஊரோடு சேர்ந்து நானும் அவரை அக்கா முறையில் ராத்தா என்பேன். காணி எழுத்து முடிந்த அன்றே அவர் என் கையைப் பிடித்துச் சொன்னார்.

"தங்கச்சி, இந்தக் கிணத்துக்கு மோட்டர் மட்டும் போட வாணாம். மேல ஈக்கிறது நல்ல தண்ணி, அடியில உப்பு. வாளியால அள்ளினா உப்பு தூங்கும். மோட்டர் போட்டா எழும்பிரும்."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தோட்டத்து இறைப்பு மெஷின் சத்தத்தில் வளர்ந்தவளுக்கு இவர் கிணற்றுப் பாடம் எடுக்கிறார்! நாங்கள் வசதியாக இருப்பது பொறுக்கவில்லையோ என்றும் நினைத்தேன். அப்படி நினைத்ததை எண்ண இப்போதும் வெட்கமாக இருக்கிறது. மோட்டர் பூட்டினோம். மூன்றாம் மாதம் தேத்தண்ணி கரித்தது, பருப்பு அவியவில்லை. ராத்தா ஒரு சொல் குத்திக் காட்டவில்லை. தன் வளவில், மேட்டில் இருந்த கிணற்றிலிருந்து தன் தகர வாளியில் காலையில் இரண்டு வாளி, பின்னேரம் இரண்டு வாளி வேலிக்கு மேலால் தந்தார். நாங்கள் மோட்டரைக் கழற்றி, இரண்டு மாரி பெய்து எங்கள் கிணறு தெளியும் வரைக்கும் தந்தார்.

கடைசியாக வந்தவர்கள் முன்னேஸ்வரத்துப் பக்கத்து இளம் சோடி. பொடியனுக்கு நுரைச்சோலையில் வேலை. பெண்ணுக்கு ஆறேழு மாதம் இருக்கும். தை மாதம், கிணறு ததும்பிக் கிடந்தது. அவள் ஒரு வாளி அள்ளி, கையில் ஏந்திக் குடித்தாள்.

"இனிக்குது அன்ரி!"

"வந்த உடனே மோட்டர் பூட்டிரணும். இவவுக்கு இனி வாளி இழுக்க ஏலாது," என்றான் அவன்.

அவள் ஒரு கையை இடுப்பில் ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். அவர்கள் கேட்கவில்லை. கேட்டால்தான் சொல்வேன் என்றவள் நான். மகளின் முகம் கண்ணுக்குள் வந்தது. இப்படித்தானே அவளும் யாழ்ப்பாணத்தில் ஒரு கிணற்றடியில் நிற்பாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடியில் உப்பு இருப்பதை, எங்கள் மோட்டரை, அந்த இரண்டு மாரியை, நான் ஒளிக்க நினைத்ததையும் சேர்த்து.

பொடியன் முருங்கையடிக்குப் போய்க் கிணற்றையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தான். விற்பனை போயிற்று என்றே நினைத்தேன். பிறகு வந்து, "வீடு இவவுக்குப் பிடிச்சிருக்கு. நான் அள்ளிக் குடுக்கிறன்," என்றான். பாணோடு வந்த என் கணவரிடம் சொன்னபோது, அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மகளுக்கு வலி வருவதற்கு ஒன்பது நாள் முன்னர் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தோம்.

அடுத்த ஆவணியில் அந்தப் பெண் தொலைபேசியில் அழைத்தாள். பின்னால் அவளுடைய குழந்தை வீரிட்டது.

"அன்ரி, மோட்டர் பூட்டிட்டோம். அவருக்கும் வேலை, பிள்ளைட துணி நாளுக்கு இருவது... இப்ப தண்ணி உப்பு. நீங்க சொன்னீங்கதானே, நாங்கதான் கேக்கல்ல." அழுதாள்.

நன்றாக ஏச வேண்டும் என்று வாயெடுத்தேன். ஏச எனக்கு என்ன முகம் இருக்கிறது?

"அழாதை பிள்ளை. மோட்டரைக் கழட்டச் சொல்லு. ரெண்டு மாரி பொறுத்தால் தெளியும். இப்ப குடிக்கத் தண்ணிக்கு என்ன செய்யிறாய்?"

"பக்கத்து வீட்டு ராத்தா வேலிக்கு மேலால வாளி தாறாங்க. ஒரு வார்த்தை ஏசல்ல அன்ரி."

மடியில் பேரன் என் தாலிக்கொடியை இழுத்துக்கொண்டிருந்தான்.

"தகர வாளியோ?"

"ஓம். பிடி கழண்டு, பச்சை நைலோன் கயிறு கட்டினது."

"அந்தக் கயிறு நான் கட்டினது, பிள்ளை," என்றேன்.