கையுறை போட்ட நடவுக்காரி

ஒரு கையெழுத்துக்காகத்தான் அமிர்தம் ஐம்பத்தாறு வயதில் குத்துச்சண்டை கற்றுக்கொள்ளப் போனாள்.

பட்டுக்கோட்டையில் லியாகத் அலியின் கொப்பரைக் கிடங்கில் அவளுக்குப் பதினெட்டு வருட வேலை. கொப்பரையைக் காய வைக்க வேண்டும், பூஞ்சை பிடித்ததை ஒதுக்க வேண்டும், சாக்கில் கட்ட வேண்டும். அதற்கு முன்பு வயல்காட்டு வேலை. நடவுக்கு இறங்கினால் மற்ற பெண்கள் அவள் வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாமல் திட்டுவார்கள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு சித்திரையில் வலது கைக் கட்டைவிரல் தானாக ஆட ஆரம்பித்தது. "அமிர்தம் பீடி சுத்துது பாரு" என்று கிடங்கில் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். மூன்று மாதத்தில் கால் இழுத்தது, குரல் உள்ளே போனது. தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் நடுக்குவாதம் என்றார்கள்.

"இது அடியோட போகாதும்மா. மாத்திரையை நேரத்துக்குப் போடுங்க. கையைக் காலை வீசி நல்லா உடற்பயிற்சி பண்ணுங்க. கட்டுக்குள்ள வைக்கலாம்" என்றார் டாக்டர்.

நடுக்கம்கூட அவளைப் பயமுறுத்தவில்லை. எழுத்து சுருங்கியதுதான் பயமுறுத்தியது. இருபத்தைந்து வயதில் அறிவொளி எழுத்தறிவு வகுப்பில் உட்கார்ந்து எழுதப் பழகிய தன் பெயர் அது. ஐந்து எழுத்து. இப்போது முதல் எழுத்து அவரைக்காய் அளவில் தொடங்கி, கடைசி எழுத்து கடுகாக முடிந்தது.

அந்தப் பெயருக்கு அவள் கொடுத்த மதிப்புக்கு ஒரு காரணம் இருந்தது. உழுகிறவர் பெயரைக் குத்தகைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு, அவள் அம்மா ராமாயி மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலத்துக்குப் பதிவு வாங்கினாள். சில வருடம் கழித்து, உர மூட்டைக்கு என்று சொல்லி மிராசுதார் வீட்டுக் காரியக்காரர் ஒரு தாளை நீட்டினார். ராமாயி ரேகை வைத்தாள். நிலத்தைத் தானே விட்டுக் கொடுப்பதாக அதில் எழுதியிருந்தது. அன்று தொடங்கிய வழக்கு. சென்னையில் இந்தக் கட்சியும் அந்தக் கட்சியும் மாறி மாறி ஆண்டன. வீட்டுக்கு இலவச டிவி வந்தது, மிக்சி வந்தது. தீர்ப்பு மட்டும் வரவில்லை. வழக்கை அமிர்தத்தின் பெயரில் விட்டுவிட்டு ராமாயி போனாள், மிராசுதாரும் போனார். கடைசியில் மிராசுதார் மகன் சாரங்கபாணி சென்னையிலிருந்து வந்து, பாதியைப் பிரித்து எழுதிக் கொடுத்து வழக்கை முடித்துக்கொள்ளச் சம்மதித்தார்.

"அவருக்கு இடையில லீவு கிடையாது. தை பொறந்தவுடனே பத்திரம்" என்றார் வக்கீல் வைத்தியலிங்கம். பிறகு அவள் கையைப் பார்த்தார். "கையெழுத்துக்குச் சிரமப்பட வேணாம்மா. ரேகை வச்சிடலாம். சட்டத்துல ஒரு குறையும் இல்ல."

"எங்கம்மா வச்ச ரேகைக்குத்தான் சார் நாப்பத்தஞ்சு வருசமா அலையறோம்."

தைக்கு ஐந்து மாதம் இருந்தது.

லியாகத் அலியின் மகள் நஃபீசா எட்டு வருடம் ஷார்ஜாவில் இருந்துவிட்டு வந்தவள். அங்கே பெண்கள் ஜிம்மில் குத்துச்சண்டை பழகியிருந்தாள். கிடங்கின் மாடியை ஒழித்துக் காலை ஆறரைக்குப் பெண்களுக்கு மட்டும் வகுப்பு நடத்தினாள். சர்க்கரை ஏறியவர்களும், பிரசவத்துக்குப் பிறகு உடம்பு போட்டவர்களும், மங்களாம்பிகை டீச்சரும் வந்தார்கள். கீழே அமிர்தம் ஒரு மூட்டையை நகர்த்த முடியாமல் நின்றதை நஃபீசா ஒரு நாள் பார்த்துவிட்டாள்.

"அமிர்தக்கா, இந்த வியாதிக்காரங்க அங்க குத்துச்சண்டை பழக வருவாங்க. யாரும் யாரையும் அடிக்கிறதில்ல. மூட்டையத்தான் குத்தறது. நீங்க மேல வாங்க."

"நானா? நல்லாயிருக்கு பாப்பா நீ சொல்றது."

"டாக்டர் என்ன சொன்னாரு? வீசி வேலை செய்யச் சொன்னாருல்ல?"

கையை வீசினால் எழுத்தும் விரியுமோ என்று மறுநாள் அமிர்தம் புடவையை நடவுக்குச் செருகுவதுபோல் இழுத்துச் செருகிக்கொண்டு மாடி ஏறினாள். நஃபீசா அவள் கையில் பட்டித் துணி சுற்றி, சிவப்புக் கையுறை மாட்டிவிட்டாள். தன் இரண்டு கையிலும் சின்ன மெத்தைகளைப் பிடித்துக்கொண்டு, "குத்துங்கக்கா" என்றாள்.

அமிர்தம் கையைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது.

"மொதலாளி மக மேல எப்படி கைய ஓங்கறது?"

"என் மேல இல்லக்கா, மெத்தை மேல."

"மெத்தை உன் கையிலல்ல இருக்கு."

மங்களாம்பிகை டீச்சர் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் நஃபீசா உமியும் பழந்துணியும் அடைத்துத் தொங்கவிட்ட மூட்டையிடம் அவளைக் கொண்டுபோய் நிறுத்தினாள். அமிர்தம் குத்தினாள். குத்திவிட்டு ஒரு எட்டு பின்னால் வைத்தாள். மறுபடி ஒரு குத்து, மறுபடி ஒரு எட்டு பின்னால். பத்தாவது குத்து காற்றில் போனது. முதுகு சுவரில் இடித்தது.

"ஏன்க்கா பின்னாலயே போறீங்க?"

"நடவு பாப்பா. குத்திட்டுப் பின்னாலதானே போவணும். முன்னால போனா நட்டத மிதிச்சிட மாட்டமா?"

இருபது வருடத்துக்கு மேல் சேற்றில் பழகிய காலிடம் என்ன சொல்வது? "இங்க நட்டது ஒண்ணும் இல்லக்கா. தைரியமா மிதிங்க" என்றாள் நஃபீசா.

முன்னால் போகக் கால் பழகுவதற்கு ஆவணி முழுதும் பிடித்தது. எண்ணிக்கொண்டே குத்த வேண்டும், உரக்க எண்ண வேண்டும், கை முழுதாக நீள வேண்டும். "சின்னதா குத்துனா கணக்கில்ல" என்பாள் நஃபீசா. அமிர்தத்தின் குரல் முதலில் பக்கத்தில் நிற்பவளுக்கே கேட்கவில்லை. ஐப்பசி மழையில் கூரைச் சத்தத்தை மீறி அவள் "முப்பத்தொண்ணு" என்று கத்தியபோது, கீழே கணக்கு எழுதிக்கொண்டிருந்த லியாகத் அலி யாருக்கு என்ன ஆயிற்றோ என்று படியேறி வந்துவிட்டார்.

தம்பி வீரையனுக்குத்தான் இது பிடிக்கவில்லை. டிராக்டர் ஓட்டுகிறவன், நாலு ஊர் வாய்க்குப் பதில் சொல்கிறவன்.

"இந்த வயசுல குஸ்திக்குப் போறியாமே. யார அடிக்கப் போற?"

"ஆள் இன்னும் முடிவு பண்ணல. நீ கொஞ்சம் தள்ளியே நில்லு."

அவன் தள்ளித்தான் நின்றான்.

கட்டைவிரல் ஆடுவது நிற்கவில்லை. ஆனால் அவள் படுக்கையில் தானாகப் புரண்டு படுத்தாள். ரவிக்கை ஊக்கை மருமகளைக் கூப்பிடாமல் மாட்டினாள். இரண்டு வருடமாக வராத தூக்கம் வந்தது. வியர்த்து வழிந்து மாடிப்படி இறங்கும்போது உடம்பு தன்னிடம் திரும்பி வருவதுபோல் இருந்தது அவளுக்கு. கூலிக்குத்தான் அந்த உடம்பை இத்தனை வருடம் வளைத்திருந்தாள். அதற்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கியது இதுவே முதல் தடவை. நன்றி என்று வாயால் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. நஃபீசாவின் கையுறைகளைத் தினமும் வெயில் விழும் ஜன்னலில் பரப்பி வைத்துவிட்டுப் போவாள்.

குத்து முடிந்ததும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் பெயர் எழுதுவாள். "சின்னதா எழுதுனா கணக்கில்ல" என்பதையும் நஃபீசாவே சேர்த்துக்கொண்டாள்.

தை எட்டாம் தேதி, பதிவு அலுவலகம். மாத்திரை வேலை செய்யும் நேரம் பார்த்துப் பதினோரு மணிக்கு முறை கேட்டிருந்தார் வக்கீல். பன்னிரண்டரைக்குத்தான் கூப்பிட்டார்கள். கை ஆட்டம் கண்டுவிட்டது. சாரங்கபாணி தன் கையெழுத்தை வேகமாகக் கிறுக்கிவிட்டு நகர்ந்தார். பேனா அமிர்தத்திடம் வந்தது.

"படிச்சுட்டுப் போடறேன்" என்றாள் அவள்.

"வக்கீல் படிச்சுட்டாரும்மா" என்றார் எழுத்தர்.

"நான் படிக்கல."

எழுத்துக்கூட்டி, புல எண்ணையும் நான்கெல்லையையும் ஐம்பது செண்டையும் அவள் வாசித்தாள். மாடியில் பழகிய குரல். வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து நின்று, மூச்சை விட்டு, தோளிலிருந்து கையை நீட்டி எழுதினாள். கோடு கோணியது. 'அ' ஒரு நெல்லிக்காய் அளவுக்கு வந்தது. 'மி' அதைவிடப் பெரியது. 'த' வந்தபோதே இடம் முடிந்துவிட்டது. கடைசி 'ம்' சாரங்கபாணியின் கையெழுத்து மேல் ஏறி உட்கார்ந்தது, புள்ளியோடு.

எழுத்தர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "தெளிவாத்தான் இருக்கு" என்றார். "இப்ப ரேகை. இடது கட்டைவிரல்."

அமிர்தம் வக்கீலைத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்பல்லாம் எல்லாருக்கும்தாம்மா. கலெக்டர் வந்து எழுதிக்கிட்டாலும் ரேகை உண்டு" என்றார் வைத்தியலிங்கம், கொஞ்சம் பயந்துபோய்.

சாரங்கபாணி முன்வந்து தன் விரலைக் கருவியில் வைத்தார். மிராசுதார் வீட்டுப் பிள்ளை ரேகை வைப்பதை அமிர்தம் கண் இமைக்காமல் பார்த்தாள். தானும் வைத்தாள். கொப்பரையில் தேய்ந்த விரல், மூன்று தடவை பிடிக்கவில்லை, நாலாவதில் பிடித்தது. படித்துப் பார்த்த தாளுக்கு ரேகை வைப்பதில் அவளுக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை.

பஸ் ஸ்டாண்டிலிருந்து நஃபீசாவுக்குப் போன் செய்தாள்.

"போட்டுட்டேன் பாப்பா."

"கோணலா வந்துச்சா?"

"கோணல்தான். எடம் பத்தல. பக்கத்து வரப்பு மேல ஏறிடுச்சு."

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க நேரமானது. "அப்ப நாளைக்கு வகுப்புக்கு லீவா? வந்த காரியம்தான் முடிஞ்சிருச்சே."

"பத்திரம் முடிஞ்சிருச்சு. ஒடம்பு இருக்குல்ல" என்றாள் அமிர்தம். "ஆறரைக்கு வந்துடறேன். மூட்டையில உமி ஒரு பக்கமா எறங்கிக் கெடக்கு, நானே தட்டிப் போட்டுக்கறேன். நீ தொடாத."