அளக்க வந்தவன்

இலங்கையில், பிலிமத்தலாவையில் என் வாடகை அறைக்குக் கீழே ஒரு பலசரக்குக் கடை. காலையில் பாண் வாங்கப் போனால் (நம்மூர் ரொட்டிதான், இங்கே பாண்) கடைக்கார முஸ்லிம் அண்ணன், நானா, தவறாமல் கேட்பார்: "சேர், இன்டைக்கு மழ வருமா?" தெரியாது என்றால், கள்ளநோட்டைத் திருப்பிப் பார்ப்பதுபோல் என்னைப் பார்ப்பார். செயற்கைக்கோளை வைத்து ஆராய்ச்சி செய்கிறவனுக்கு மழை தெரியாதா? நான் பார்ப்பது மழையை இல்லை, காற்றை. காற்றாலை எங்கே வைக்கலாம் என்று கண்டுபிடிக்கிற வேலை என்று ஒருநாள் விளக்கினேன். சுற்றி நிற்கும் மலைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இங்க எங்க சேர் காத்து?" என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான், துவைத்த சட்டை நாள்கணக்கில் காயாத ஊர்.

எங்கள் ஆரல்வாய்மொழியில் ஆடி மாதம் சோறு போட்டால் இலையோடு பறந்துவிடும். காற்றாலைக் கம்பெனிக்காரர்கள் முதன்முதலாக வந்தபோது, "அளக்க வந்திருக்காவ" என்று தெருவே கொண்டாடியது. என் வயலில் கம்பம் நடு, உன் வயலில் நடாதே என்று பங்காளிகள் மல்லுக்கு நின்றார்கள். எங்கள் நிலத்தில் நட்டதும் அப்பா அன்றைக்கு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கடைத்தெருவை மூன்று சுற்று சுற்றினார். அந்தக் காற்றைப் பார்த்து வளர்ந்தவன்தான் காற்றைப் படித்து, கடல் தாண்டி, கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒப்பந்த ஆராய்ச்சியாளனாக வந்து சேர்ந்திருக்கிறேன். தலையெழுத்து!

செயற்கைக்கோள் காற்றை நேரே பார்ப்பதில்லை. கடலில் சிற்றலைகளைப் பார்த்துக் காற்று எவ்வளவு என்று சொல்லும்; அதை ஓரளவு நம்பலாம். மலையில் அந்த வித்தை பலிக்காது. மேகம் நகர்வதைப் பார்த்து ஊகிப்பதுதான், ஊகத்தைத் தரையில் சரிபார்த்தே ஆகவேண்டும். கடுகண்ணாவைக் கணவாய்க்கு மேலே ஒரு மேட்டில் நல்ல காற்று என்று என் கணக்கு சொல்கிறது. அங்கே ஒரு கம்பத்தில் கருவி வைத்து அளந்து காட்டாவிட்டால் என் ஒப்பந்தம் நீளாது, நான் பெட்டியைக் கட்டவேண்டியதுதான்.

அந்த மேட்டில் தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயம், வரிசை வீடுகள். என்னோடு வேலைபார்க்கும் சிங்களவன் சமிந்த, "முதல்ல நான் போய்ப் பேசுறேன்" என்றான். "தமிழன் வீட்டுக்குத் தமிழன் போறேன், நீ பேசாம வா" என்று மடக்கினேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன!

ராஜேஸ்வரி அக்காதான் அந்த லயத்தில் எல்லோருக்கும் சேர்த்துப் பேசுகிறவர். கண்டியில் புடவைக்கடையில் வேலை. "வாங்க தம்பி, உக்காருங்க" என்று கதிரை போட்டு, பிளேன் டீ கொடுத்தார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "அக்கா, இந்த மேட்டுல ஒரு கம்பம் நட்டு அளக்கணும்" என்றேன்.

"அளக்கணுமா?"

"ஆமாக்கா. செயற்கைக்கோள்ல மேல இருந்து பாத்தாச்சு. நல்ல இடம்னு தெரிஞ்சுபோச்சு. கம்பம் மட்டுந்தான் பாக்கி."

அக்காவின் முகம் மாறியது. நான் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் லயமே வாசலில் நின்றது. "யாரு சார் அனுப்புனது? கம்பெனியா?" தம்பியாக இருந்தவன் சார் ஆகிவிட்டேன். "மொதல்ல அளப்பீங்க, கம்பம் நடுவீங்க, அப்புறம் கம்பி வேலி வரும். நாங்க எங்க போறது?"

தலைமுறை தலைமுறையாக இருந்தும் காணி அவர்கள் பெயரில் இல்லை. ஊரில் வெள்ளை வேட்டி கட்டவைத்த அதே சொல் இங்கே அடுப்பை அணைக்கிற சொல். இது எனக்கு உறைப்பதற்குள், "ஐயோ, நான் மண்ணை அளக்கலக்கா, காத்தை அளக்கேன்!" என்று கத்திவிட்டேன்.

"காத்த அளக்குறாராம்!" என்று பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார். "பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

திரும்பும் வழியெல்லாம் சமிந்த, 'தமிழன் வீட்டுக்குத் தமிழன்' என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

அடுத்த ஞாயிறு கருவியையே தூக்கிக்கொண்டு போனேன். மூன்று கிண்ணங்கள் சுழலும் அதை அக்காவின் கையில் கொடுத்து ஊதிக் காட்டினேன். அவர் ஊதவில்லை. "உங்களுக்கு ஊர்ல சொந்தமா மண்ணு இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு. அப்பா பேர்ல பட்டா."

"அப்புறம் எதுக்கு இங்க வந்து அல்லாடுறீங்க?"

எரிச்சல்தான் வந்தது. உண்மையைச் சொன்னேன்: "பட்டா இருக்கு, எனக்கு அங்க வேலை இல்லக்கா. இங்கயும் இந்தக் கம்பம் நிக்கலைன்னா ஊருக்குப் போகவேண்டியதுதான்."

"போறதுக்கு ஊருன்னு ஒன்னு இருக்குல்ல" என்றார். "எங்கப்பாவே இங்க பொறந்தவரு. எங்களையும் ஊருக்குப் போகத்தான் சொல்றாங்க. எந்த ஊருக்குன்னுதான் யாரும் சொல்றதில்ல."

கொஞ்ச நேரம் கிண்ணங்களைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மற்றவர்களோடு கதைத்துவிட்டு வந்து சொன்னார்: மாரியம்மன் கோயில் மொட்டைமாடியில் வைத்துக்கொள்ளலாம். தரையில் மட்டும் ஒரு குழிகூடத் தோண்டக்கூடாது.

நானும் சமிந்தவும் கம்பத்தை மாடியில் நிறுத்தி, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினோம். காற்றில் அது ஆடிய ஆட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. "மண்ணுல ஊனாம இது எப்படிக்கா நிக்கும்?" என்று மேலிருந்து சலித்துக்கொண்டேன்.

கீழே நின்றிருந்த அக்கா அண்ணாந்து பார்த்தார்.

"நாங்க நிக்கல?"

அக்கா என்ன சொன்னார் என்று சமிந்த கேட்டான். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு இன்னொரு கம்பியை இறுக்கினேன்.